பிரிந்த பின்னல்களுக்கு இடையே ஒரு வாயில்

ஏட்டுச் சுவடிகளைப் போற்றிய முன்னோர், ஒரு நூலைக் காக்கும் வழி அதனைப் பூட்டிவைத்தல் அன்று, படியெடுத்தலே என்பதை நன்கு அறிந்திருந்தனர். பனையோலை செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் இயல்பினது. ஆதலால், காலந்தோறும் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதிப் பிறிதோர் இல்லத்திலோ மடத்திலோ வைத்தாலன்றி நூல் நிலைபெறாது. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாளுக்கும் ஜூன் 1 ஆம் நாளுக்கும் இடைப்பட்ட இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் அச்சேறிய நூல்கள் பிறவிடங்களில் தேடிப் பெறக்கூடியனவாயிருந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளோ மீளவில்லை.

அச்சத்தினின்றும் பிறந்த இந்தப் படியெடுக்கும் வழக்கம் இன்று வங்கிகளுக்கும் அரசாங்கத் திணைக்களங்களுக்கும் உரியதாகிவிட்டது. 1996 ஜனவரி 31 ஆம் நாள் கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கிக் கட்டடம் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 90 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அத்துயரின் முன் பதிவேடுகளின் கதையைப் பேசுதல் சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு நாட்டின் கணக்கு முழுவதும் ஒரே கட்டடத்தில் இருத்தல் தகாது என்னும் பாடத்தைக் கொழும்பு நகரம் நூலிற் படித்து அறிந்ததன்று என்பதற்கு அந்நாள் சான்று. அதற்குப் பின்னர்க் காகிதத்தின் இடத்தை இலத்திரனியற் பதிவு விரைந்து பற்றிக்கொண்டது. 2006 ஆம் ஆண்டில் லங்காகிளியர் நிறுவனம் காசோலைப் படிம முறையைத் தொடங்கியபின், காசோலைத் தாள் அதனைப் பெற்ற வங்கியிலேயே தங்கிவிட, அதன் படிமமே வங்கிக்கு வங்கி செல்கின்றது. படிமம் தொலையுமாயின் தொலைவது வெறும் நிழல் அன்று, பணமே.

இத்தகைய பதிவுகள் ஓரிடத்தில் எழுதப்படும்போதே மற்றோரிடத்திலும் எழுதப்படல் வேண்டும். அதற்கென அமைந்த வழி சேமிப்பு வலையமைப்பு எனப்படும். அவ்வழியில் ஒருவகைத் தடை அடிக்கடி நேர்வது: கம்பி நலமாயிருக்கும், கருவிகள் நலமாயிருக்கும், எனினும் ஒரு கரையிலுள்ள சேவையகம் மறுகரையிலுள்ள வட்டுத்தொகுதியைக் காணாது நிற்கும். அத்தடை எங்கே பிறக்கின்றது, அதனை எவ்வொழுங்கில் தேடுதல் தகும் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் அமைப்பை அறிதல் வேண்டும். சிறு கணினியில் வட்டு அதன் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெரிய நிலையங்களில் அவ்வாறன்றிச் சேவையகங்கள் ஒருபுறமும் நூற்றுக்கணக்கான வட்டுகளைக் கொண்ட தொகுதிகள் மற்றொருபுறமும் நிற்கும். இவ்விரண்டையும் ஒளியிழையால் இணைப்பன சுவிச்சுகள். இவை பேசும் மொழி பெரும்பாலும் பைபர் சனல் என்பது. 1994 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. சாதாரண இணைய வழியிற் பொட்டலம் ஒன்று தவறினால் மீண்டும் அனுப்பிக்கொள்ளலாம் என்னும் மெத்தனம் இம்மொழியில் இல்லை. பெறுவோனிடம் இடமுண்டு என்னும் உறுதிச்சீட்டு கைக்கு வந்த பின்னரே அனுப்புவோன் ஒரு சட்டகத்தை அனுப்புவான். ஒன்றோடொன்று இணைந்த சுவிச்சுகள் யாவும் சேர்ந்து 'பெப்ரிக்', அதாவது பின்னல், எனப்படும்.

பின்னலிற் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் பெயர் ஒன்று, முகவரி ஒன்று என இரண்டு அடையாளங்கள் உள. பெயர் 64 பிட் நீளமுடையது, பதினாறு இலக்கங்களால் எழுதப்படுவது, உற்பத்தியாளர் இட்டது, எங்குச் சென்றாலும் மாறாதது. முகவரியோ 24 பிட் அளவினது, சுவிச் வழங்குவது. வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையிலிருந்து அடுத்த ஒழுங்கைக்குக் குடிபெயர்ந்தவருக்குப் பெயர் மாறாது, வீட்டிலக்கம் மாறுவது போல்வது இது. முகவரியின் முதல் எட்டுப் பிட்டுகள் சுவிச்சைக் குறிக்கும் டொமைன் எண் ஆகும். ஒரு பின்னலில் 1 முதல் 239 வரையுள்ள எண்களையே டொமைனுக்கு வழங்கலாம். கருவி முதலில் தன் சுவிச்சிடம் புகுபதிகை செய்து முகவரி பெறும்; பின்னர்ப் பெயர்ப் பதிவகத்திற் தன்னைப் பதிந்துகொள்ளும்; அதன்பின் அப்பதிவகத்தை வினாவித் தான் தேடும் வட்டுத்தொகுதி எங்குள்ளதென அறியும். எந்தச் சேவையகம் எந்தத் தொகுதியைக் காணலாம் என்பதை வரையறுப்பது வலயம். ஒரே வலயத்திற் சேராத இரண்டு கருவிகள் அண்டை அண்டையாக இருப்பினும் ஒன்றையொன்று அறியா.

வலயம் பார்வையை மறைக்குமேயன்றிப் பின்னலைப் பிரியாது. ஓரிடத்தில் இணைப்பு அறுந்தாலோ புதிய சுவிச் ஒன்று சேர்ந்தாலோ அச்செய்தி பின்னல் முழுவதும் பரவும். டொமைன் எண் வழங்கும் தலைமைச் சுவிச் எதுவென்னும் தேர்தல் மீண்டும் நடக்க நேரும். சம்பளக் கணக்குப் பிரிவில் நேர்ந்த சிறு பிழை வைப்புக் கணக்குப் பிரிவையும் உலுக்கும். இதனைத் தவிர்க்கப் பிரிவுக்கொரு தனிச் சுவிச்சை வாங்கி வைத்தனர்; பணம் மிகச் செலவாயிற்று; துறைகள் பல வெறுமனே கிடந்தன. 2002 ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் அண்டியாமோ சிஸ்டம்ஸ் என்பாரின் ஆக்கத்தைத் தனதாக்கி எம்.டி.எஸ். 9000 என்னும் சுவிச் வரிசையை வெளியிட்டபோது, ஒரே சுவிச்சைப் பல தனிப் பின்னல்களாகப் பகுக்கும் முறை வந்தது. அப்பகுதி ஒவ்வொன்றும் வீசான் எனப்படும். 2004 ஒக்டோபரில் இக்கருத்து அமெரிக்கத் தரமாகவும் ஏற்கப்பட்டது. வீசான் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்ப் பதிவகம், தனி டொமைன் எண்கள், தனி வலயங்கள் உள. ஒன்றில் எழும் குழப்பம் மற்றொன்றை எட்டாது.

ஆயின், சுவர் எழுப்பிய பின்னரே வாயிலின் தேவை தெரியும் என்பது வீடு கட்டினோர் யாவரும் அறிந்தது. ஒரு வீசானில் இருக்கும் சேவையகம் மற்றொரு வீசானிலுள்ள வட்டுத்தொகுதியில் எழுத வேண்டின் என் செய்வது? இதற்கு விடையாக வந்ததே வீசான்களுக்கு இடையே வழிப்படுத்தல், சுருக்கமாக ஐ.வி.ஆர். எனப்படுவது. இரு பின்னல்களையும் ஒன்றாக்காமல், குறித்த சில கருவிகளின் தரவை மட்டும் எல்லை கடக்க விடுவது இதன் தன்மை. தேர்தல், அறிவிப்பு முதலிய ஆட்சிச் செய்திகள் எல்லையைக் கடக்கமாட்டா. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1990களில் அகலப்படுத்தப்படும்வரை ஒடுங்கிய பாதையாக இருந்தது. அதில் வந்த சரக்கு அகலப் பாதைக்கு மாற வேண்டின் சரக்கு மாறியதேயன்றி வண்டி மாறவில்லை. ஐ.வி.ஆர். செய்வது ஏறக்குறைய அதுவே. புரோகேட் நிறுவனத்தாரின் சுவிச்சுகளில் இதே பணியை எல்சான் என்னும் வேறொரு முறை செய்கின்றது. அதன் விவரம் ஈண்டு வேண்டுவதன்று.

விளக்கத்தின்பொருட்டு ஒரு நிலையத்தைக் கற்பனையாகக் கொள்ளலாம். அதன் தலைமைக் கணினிக் கூடம் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு அண்மையில் உள்ளது. இரண்டாம் படி வைக்கும் கூடம் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ளது. கொட்டாஞ்சேனைச் சேவையகம் 10 ஆம் வீசானிலும், வெள்ளவத்தை வட்டுத்தொகுதி 20 ஆம் வீசானிலும் உள்ளன. இவ்விரண்டுக்கும் நடுவே 99 ஆம் வீசான் இடைவழியாக அமைந்துள்ளது. ஒவ்வொரு கூடத்திலும் ஓர் எல்லைச் சுவிச் உண்டு. தன் கூடத்து வீசானுக்கும் இடைவழி வீசானுக்கும் அதுவே பொதுவானது. நகரிடை இணைப்பு அறுந்து அறுந்து சேர்ந்தாலும் அத்துன்பம் 99 ஆம் வீசானோடு நின்றுவிடும். கொட்டாஞ்சேனையின் அன்றாடப் பணி அசையாது. இடைவழி ஒன்றைத் தனியே வைப்பதன் பயன் இதுவேயாகும்.

இனி, ஒரு காலையில் வெள்ளவத்தைத் தொகுதி சேவையகத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை எனின், தேடுதல் எங்கே தொடங்கும்? தொழிலில் உள்ளோர் பலர் வலயப் பட்டியலை முதலில் திறப்பர். அது பழக்கத்தால் வந்ததேயன்றி ஆராய்ச்சியால் வந்ததன்று. கீழிருந்து மேலே செல்வதே தக்கது. கம்பி, இடைவழி, புகுபதிகை, எல்லை அட்டவணை, டொமைன் எண், வலயம், ஈற்றில் வட்டுத்தொகுதியின் அனுமதி என ஒவ்வொன்றும் முன்னையதன்மேல் நிற்பது. கீழ்ப்படி உறுதியாகாமல் மேற்படியை ஆராய்வோர், இல்லாத பிழையைத் திருத்தி இருக்கும் பிழையை மறைத்துவிடுவர்.

இரு கூடங்களையும் இணைக்கும் ஒளியிழையில் ஒளி போதிய அளவு வருகின்றதா என்பது முதல் வினா. சுவிச்சுகள் இணைந்துள்ள துறை பல வீசான்களைச் சுமக்கும் ட்ரங்க் நிலையில் எழுந்துள்ளதா என்பது அடுத்தது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. துறை எழுந்து நின்றால் மட்டும் போதாது. அத்துறையில் எவ்வெவ் வீசான் அனுமதிக்கப்பட்டுள்ளது என்னும் பட்டியல் இரு முனைகளிலும் இருக்கும். 99 ஆம் வீசான் கொட்டாஞ்சேனை முனையில் அனுமதிக்கப்பட்டு வெள்ளவத்தை முனையில் விடுபட்டிருப்பின், பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்; வழியோ மூடியிருக்கும். அன்றியும், இரு எல்லைச் சுவிச்சுகளுக்கும் 99 ஆம் வீசானில் ஒரே டொமைன் எண்ணை நிலையாக இட்டிருப்பின், அந்த வீசான் மட்டும் அவ்விணைப்பில் தனிமைப்படுத்தப்படும். அதே கம்பியில் ஏனைய வீசான்கள் இடரின்றி ஓடும். "கம்பி நன்றாகத்தானே இருக்கிறது" என்னும் சொல் பல மணி நேரத்தை வீணாக்குவது இத்தகைய இடங்களிலேயே.

இடைவழி திறந்துள்ளது எனத் தெளிந்தபின், இரு கருவிகளும் தத்தம் வீட்டில் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். சேவையகத்தின் பெயர் கொட்டாஞ்சேனைச் சுவிச்சின் புகுபதிகைப் பட்டியலில் 10 ஆம் வீசானின்கீழ் இருத்தல் வேண்டும். தொகுதியின் பெயர் வெள்ளவத்தையில் 20 ஆம் வீசானின்கீழ் இருத்தல் வேண்டும். எவரேனும் துறையை வேறு வீசானுக்கு மாற்றியிருப்பின், அல்லது ஒரு வீசானை நீக்கியிருப்பின், கருவி இடம் தவறியிருக்கும். நீக்கப்பட்ட வீசானின் துறைகள் யாவும் 4094 என்னும் எண்ணுடைய ஒதுக்கிடத்துக்குத் தள்ளப்படும். அங்கிருந்து எவரோடும் பேச இயலாது. வீட்டில் இல்லாத ஒருவரைத் தேடி எல்லைக்குச் செல்வதிற் பயனில்லை.

அடுத்தது எல்லை அட்டவணை. எந்தச் சுவிச் எந்தெந்த வீசான்களில் உள்ளது என்பதைக் கூறும் அட்டவணையை எல்லைச் சுவிச் ஒவ்வொன்றும் வைத்திருக்கும். இவ்வட்டவணை எல்லா எல்லைச் சுவிச்சுகளிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கையால் எழுதப்படும் முறையில், கொட்டாஞ்சேனையில் ஒருவரும் வெள்ளவத்தையில் மற்றொருவரும் வெவ்வேறு நாளில் எழுதியிருப்பர். ஒன்றில் 99 ஆம் வீசான் இருக்கும், மற்றொன்றில் இராது. சுவிச்சுகள் தாமே கண்டறிந்து எழுதிக்கொள்ளும் முறையும் பின்னர் வந்தது. அம்முறையிலும் இடர் இல்லாமற் போகவில்லை. மாற்றங்கள் முதலில் நிலுவையாக வைக்கப்பட்டு, 'கமிட்' என்னும் கட்டளை இடப்பட்ட பின்னரே எல்லாச் சுவிச்சுகளுக்கும் பரவும். ஒருவர் மாலையில் மாற்றத்தை எழுதிவிட்டுக் கமிட் செய்யாமல் வீடு செல்வாராயின், நிலுவை நிலுவையாகவே கிடக்கும். அவர் இட்ட பூட்டு மற்றவர் கையையும் கட்டிவிடும். எழுதியவர் தம் திரையிற் பார்த்தபோது யாவும் செவ்வனே இருந்தமையால், பிழை மறுகரையில் என்றே நம்பியிருப்பார்.

ஒரு சிறு செய்தி இடையே கூறற்பாலது. இவ்வசதிக்குத் தனி உரிமம் வேண்டும் என்னும் ஏற்பாடு இருந்த மென்பொருட் பதிப்புகளில், உரிமம் இல்லாதார்க்கு 120 நாள் தவணை வழங்கப்பட்டது. பரீட்சார்த்தமாகத் தொடங்கி, உரிமம் பெற மறந்து, நான்கு மாதம் குறையின்றி ஓடியபின், எவரும் எதனையும் தொடாத நாளில் வாயில் அடைபடும். "ஒன்றையும் மாற்றவில்லையே" என்று கூறுவோர் உண்மையே கூறுகின்றனர், மாறியது நாட்காட்டி.

டொமைன் எண்ணின் சிக்கல் இவற்றினும் ஆழமானது. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலும் வெள்ளவத்தை ஹம்டன் ஒழுங்கையிலும் 12 ஆம் இலக்க வீடு இருப்பதில் இடர் ஒன்றுமில்லை. கடிதத்தில் வீதியின் பெயரும் உண்டாகையால் தபாற்காரர் மயங்கார். ஆயின், பைபர் சனல் முகவரியில் வீசானின் எண் இல்லை. 24 பிட்டுகளும் டொமைன், பகுதி, துறை என்னும் மூன்றற்கே போதும். ஆகவே, 10 ஆம் வீசானில் ஒரு சுவிச்சுக்கும் 20 ஆம் வீசானில் மற்றொரு சுவிச்சுக்கும் டொமைன் எண் 5 என இருப்பின், இரண்டும் பிரிந்திருந்தவரை எவரும் அறியாத அப்பொருத்தம், வாயில் திறந்த நாளிலே மோதலாகும். மறுகரைச் சுவிச்சை இக்கரைப் பின்னலில் ஒரு தோற்ற டொமைனாகக் காட்டுவதே எல்லைச் சுவிச்சின் பணி. அவ்வெண் முன்னரே வழங்கப்பட்டிருப்பின் அதற்கு இடமில்லை. இடமில்லாதபோது மறுகரைக் கருவி இக்கரைப் பெயர்ப் பதிவகத்தில் தோன்றாது.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, நிலையத்தின் எல்லா வீசான்களிலும் உள்ள சுவிச்சுகளுக்கு ஒன்றையொன்று ஒவ்வாத எண்களை முன்கூட்டியே திட்டமிட்டு நிலையாக இடுதல். மற்றொன்று, எல்லை கடக்கும் சட்டகத்தின் முகவரியை எல்லைச் சுவிச்சே மாற்றி எழுதுதல். பின்னையது எளிது, ஓடிக்கொண்டிருக்கும் பின்னலிற் டொமைன் எண்ணை மாற்றுதல் சேவையை இடையறுக்குமாதலால், பழைய நிலையங்களுக்கு அதுவே இயலக்கூடியதும் ஆகும். ஆயினும், புதிதாகக் கட்டுவோர் முன்னையதையே கொள்ளுதல் நன்று. முகவரி வழியிலேயே மாறுமாயின், இக்கரையிற் காணும் முகவரியைக் கொண்டு அக்கரையிற் தேடுவார்க்கு அது கிடையாது. பிழை தேடும் இரவில் அத்தெளிவின்மை பெருஞ் சுமையாகும். மேலும், ஏ.ஐ.எக்ஸ்., எச்.பி.-யூ.எக்ஸ். போன்ற இயக்க முறைமைகள் வட்டுத்தொகுதியை அதன் முகவரி கொண்டே நினைவில் வைத்திருந்தன. சுவிச் மீண்டும் தொடங்கியபின் தோற்ற முகவரி வேறாயின், தொகுதி கண்முன் இருந்தும் அவை அதனை அறியாமற் போயின. அத்தகைய சேவையகம் இருக்குமிடத்துத் தோற்ற டொமைனையும் முகவரியையும் மாறாதனவாகப் பதிந்துவைத்தல் வேண்டும்.

இனி வலயம். ஐ.வி.ஆர். வலயத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் பெயராலும் வீசான் எண்ணாலும் சேர்த்துக் குறிக்கப்படுவர். பதினாறு இலக்கப் பெயரில் ஓரிலக்கம் பிழைப்பினும் எச்சரிக்கை எதுவும் எழாது. அப்பெயருடைய கருவி இன்னும் வந்து சேரவில்லை என்றே சுவிச் கருதி அமைதியாயிருக்கும். சுவடி பெயர்த்தெழுதுவோன் ஓரெழுத்தைப் பிழைத்தால் பாடபேதமாவது உண்டாகும். ஈண்டு வெறும் மௌனமே உண்டாகும். எழுத்தெண்ணிப் படித்தவர் என்னும் பழைய பாராட்டு இத்தொழிலில் நேர்ப்பொருளிலேயே வேண்டப்படுவது. வலயம் செயற்படும்போது, இயங்கும் பட்டியலில் வந்துசேர்ந்த உறுப்பினரின் முன்னே ஓர் உடுக்குறி காணப்படும். இரு கூடங்களிலும் அப்பட்டியலைத் திறந்து, எப்பெயரின்முன் உடுக்குறி இல்லை என நோக்கினால், தேடுதல் பாதியாகக் குறையும். பெயர் பிழையா, கருவி உறக்கமா, டொமைனுக்கு இடமில்லையா என்னும் மூன்றனுள் ஒன்றே எஞ்சும்.

எழுதிய வலயத் தொகுதிக்கும் இயங்கும் வலயத் தொகுதிக்கும் உள்ள வேறுபாட்டை மறவாதிருத்தலும் இன்றியமையாதது. திருத்தம் செய்து இயக்காது விட்டால், பழையதே இயங்கும். இயக்கும்போது ஐ.வி.ஆர். வலயங்கள் 10 ஆம் வீசானிலும் 20 ஆம் வீசானிலும் ஏற்கெனவே இயங்கும் சாதாரண வலயத் தொகுதியோடு சேர்க்கப்படும். ஒரு வீசானில் அவ்வாறு இயங்கும் தொகுதி எதுவுமே இல்லையாயின், சேர்ப்பதற்கு இடமின்றி முயற்சி தோற்கும். வற்புறுத்தி இயக்கும் கட்டளை ஒன்றால் அதனை நிறைவேற்றலாம். அக்கட்டளையைக் கையாளுமுன் சற்றே நிற்றல் வேண்டும். அந்த வீசானில் வலயமின்றியே எல்லாரும் எல்லாருடனும் பேச அனுமதி இருந்திருப்பின், புதிய தொகுதி இயங்கிய கணத்திலே அவ்வுரையாடல்கள் அறுபடக்கூடும். ஒரு சேவையகத்துக்கு வாயில் திறக்கப்போய்ப் பத்துச் சேவையகங்களை வெளியே நிறுத்தியவர்கள் இவ்வாறே அதனைச் செய்தனர்.

வலயம் செம்மையாயின், இரு பெயர்ப் பதிவகங்களையும் வினாவலாம். 10 ஆம் வீசானின் பதிவகத்தில் வெள்ளவத்தைத் தொகுதியும், 20 ஆம் வீசானின் பதிவகத்திற் கொட்டாஞ்சேனைச் சேவையகமும் தோன்றுதல் வேண்டும். ஒன்றில் மட்டும் தோன்றுவது அரைகுறை வெற்றி அன்று, முழுத் தோல்வியே. செல்லும் வழியுண்டு, மீளும் வழியில்லை என்பது அதன் பொருள். இரண்டிலும் தோன்றின், எதிரொலி கேட்கும் சிறு சோதனைக் கட்டளையால் மறுகரை விடையிறுக்கின்றதா என அறியலாம். விடை வந்தும் வட்டு தெரியவில்லையாயின், சுவிச்சுகளின்மேற் பழியில்லை. தொகுதிக்குள்ளே எந்தச் சேவையகத்துக்கு எந்த வட்டுப் பகுதி உரியது என்னும் தனி அனுமதிப் பட்டியல் ஒன்றுண்டு. அதிற் சேவையகத்தின் பெயர் சேர்க்கப்படாதிருக்கும். வலையமைப்பைக் காப்போரும் தொகுதியைக் காப்போரும் வெவ்வேறு பிரிவினராயிருக்கும் நிலையங்களில், இந்த ஈற்றுப் படி ஒருவர்க்கும் உரியதன்றிக் கிடத்தல் இயல்பு.

ஒருகால் தெரிந்து ஒருகால் மறையும் பிழை மேற்கூறியவற்றினும் கொடிது. நகரிடை இணைப்பு நேரடி ஒளியிழையன்றித் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைய வழியாயின், பைபர் சனற் சட்டகங்கள் அவ்வழியிற் பொதிந்து அனுப்பப்படும். 2004 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட எஃப்.சி.ஐ.பி. முறை அது. முழுச் சட்டகம் ஒன்று 2,148 பைற் வரை நீளும். சாதாரண ஈதர்நெற் வழி ஒருமுறைக்கு 1,500 பைற் மட்டுமே சுமக்கும். முனைகளிற் பெரிய அளவு எழுதப்பட்டு, நடுவழியில் ஓரிடம் அதனை ஏற்காதிருப்பின், சிறிய செய்திகள் கடக்கும், பெரியன தேங்கும். புகுபதிகை சிறியது, ஆதலால் நடக்கும். எதிரொலிச் சோதனை சிறியது. ஆதலால் விடை வரும். உண்மையான தரவு எழுதத் தொடங்கியவுடனே யாவும் உறையும். சோதனைகள் அனைத்தும் தேறிப் பணி மட்டும் தோற்குமாயின், இதனையே முதலில் ஐயுறுதல் தகும்.

நேரடி ஒளியிழையாயின் உறுதிச்சீட்டுகளின் எண்ணிக்கையை நோக்குதல் வேண்டும். ஒளியிழையில் ஒரு கிலோமீற்றர் கடக்க ஏறத்தாழ 5 மைக்கிரோ செக்கன் ஆகும். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே கம்பி செல்லும் தூரம் 10 கிலோமீற்றர் எனக் கொண்டால், சென்று மீள 100 மைக்கிரோ செக்கன். 1 கிகாபிட் வேகத்தில் முழுச் சட்டகம் ஒன்றை அனுப்ப ஏறத்தாழ 21 மைக்கிரோ செக்கன் ஆவதால் ஐந்து உறுதிச்சீட்டுகள் போதும். 8 கிகாபிட் வேகத்திலோ ஏறத்தாழ 40 வேண்டும். வேகமான துறையைப் புதிதாக இட்டும் பயன் காணவில்லை என முறையிடுவோர் இக்கணக்கைப் போடாதவரே. வேகத்தை உயர்த்தியபோது சீட்டின் எண்ணிக்கையை உயர்த்தவில்லை. அனுப்புவோன் கைகட்டி நிற்கின்றான்.

விடியுமுன் பணி தொடங்கவேண்டும் என்னும் நெருக்கடியிற் பலர் நாடும் குறுக்குவழி ஒன்றுண்டு. வீசான்களை நீக்கிவிட்டு எல்லாக் கருவிகளையும் ஒரே பின்னலிற் கொட்டிவிடுதல் அது. வட்டு உடனே தெரியும், பாராட்டும் கிடைக்கும். ஆயின், அந்நாள் முதல் காலி வீதியில் எவரோ தோண்டி அறுக்கும் கம்பி ஒவ்வொன்றும் கொட்டாஞ்சேனையின் அன்றாடப் பணியை உலுக்கும். சுவர் எதற்காக எழுப்பப்பட்டதோ அக்காரணம் அப்படியே இருக்க, சுவர் மட்டும் இல்லாமற் போகும். தற்காலிகம் என்று கூறியே இது செய்யப்படும். அதனை மீண்டும் பிரிப்பதற்கு எந்த நிலையமும் எளிதில் ஒரு நாளை ஒதுக்குவதில்லை.

இத்தனை தேடலும் எதன்பொருட்டு என்பதை 2023 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று காட்டும். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்க மேகக்கணினி அமைப்பு, கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் மீளவில்லை; ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன; அக்காலப் பகுதிக்குப் பயன்படத்தக்க படி இருக்கவில்லை. அது வீசான் பிழையால் நேர்ந்ததன்று. ஆயினும், படி உண்டு என்னும் எண்ணத்துக்கும் படி உண்மையில் இருத்தலுக்கும் இடையே மூன்று மாதம் இடைவெளி விழக்கூடும் என்பது அதிற் தெளிவாகும். எல்லைவாயில் அடைபட்ட நாளில் கொட்டாஞ்சேனைச் சேவையகம் நிற்பதில்லை. வாடிக்கையாளர் எவரும் குறை கூறுவதில்லை. வெள்ளவத்தைப் படி மட்டும் அந்நாளிலேயே உறைந்து நிற்கும். கண்காணிப்பார் இல்லையெனின், தேவை வந்த நாளிலேதான் அது வெளிப்படும்.

ஆகவே, வட்டு கண்ணுக்குத் தெரிந்தவுடன் பணி முடிந்ததாகக் கொள்ளல் ஆகாது. கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு பதிவை நேரக் குறிப்போடு எழுதி, வெள்ளவத்தைப் படியிலிருந்து அதனைத் திரும்பப் படித்து, இரு நேரங்களையும் பதிவேட்டிற் குறித்தல் வேண்டும். இணைப்பை வேண்டுமென்றே ஒருமுறை பிரித்து மீண்டும் சேர்த்து, படி தானே தொடர்கின்றதா எனவும் பார்த்தல் வேண்டும். அதே பதிவேட்டில் டொமைன் எண்கள், எல்லை அட்டவணை, ஐ.வி.ஆர். வலய உறுப்பினரின் பதினாறு இலக்கப் பெயர்கள் ஆகியன இரு கூடங்களிலும் ஒரே கையெழுத்தில் இருக்குமாயின், அடுத்த முறை தேடுவோர்க்கு அரை நாள் மிஞ்சும். அப்பதிவேட்டுக்கும் ஒரு படி வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒன்று, வெள்ளவத்தையில் ஒன்று. இரண்டு கூடங்களும் ஒரே கடற்கரையில், எட்டுக் கிலோமீற்றர் நேர்த்தூரத்துள் இருப்பதனால், மூன்றாவது ஒன்று மலைநாட்டுப் பக்கம் எங்கேனும் இருப்பின் இன்னும் நன்று.